இரண்டு ரவுட்டர்களும் ஒரு கடிதமும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையிலே வழக்கமாகத் திருமுறை பேசப்படும், புராணம் பேசப்படும், ஆண்டுக்கொருமுறை வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்படும். இன்று நாம் பேச வந்த பொருள் இவற்றுள் எதிலும் சேராது. செயலாளர் அவர்கள் எம்மிடம் வந்து, "எங்கள் அங்கத்தவரில் ஒரு பங்கினர் கம்பியூட்டர் வேலை பார்க்கிறார்கள், இன்னொரு பங்கினர் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளிமார். இரு பகுதியாருக்கும் விளங்கத்தக்கதாக ஏதாவது பேசுங்கள்" என்றார். அவ்வாறு கேட்டதும் எமது நினைவுக்கு வந்தது 2024ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முன் புறக்கோட்டையிலே நடந்த ஒரு சங்கதி. அதனையே சொல்லப் போகின்றோம். கடையின் பெயரைச் சொல்லமாட்டோம். இங்கு அமர்ந்திருப்போரிற் சிலருக்கு அது தெரியும், அவர்களும் சொல்லாதிருப்பார்களாக.

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவை அறியாதவர் இச்சபையில் இல்லை. கீழே வெங்காயம், உருளைக்கிழங்கு, செத்தல் மிளகாய் மூட்டைகள். வண்டில் தள்ளும் நாட்டாமைமார். அவர்களுக்கு வழிவிடாத லொறிகள். இவற்றுக்கு மேலே, மாடிப்படி ஏறிப் போனால், குளிரூட்டிய ஒரு சிறு அறை. நாம் சொல்லும் ஸ்தாபனத்தார் அந்த அறையிலே தமது கணக்குகளையும், தம்மோடு கொண்டு கொடுக்கும் ஐந்தாறு இறக்குமதியாளரின் பத்திரங்களையும் சேர்வர்களில் வைத்துப் பேணுகின்றனர். பிறருடைய பத்திரங்களைப் பொறுப்பேற்றபடியால் ஒரே இணைய இணைப்பை நம்பி இருத்தல் தகாது என்று கருதி, இரண்டு கொம்பனிகளிடம் இணைப்பு எடுத்தனர். ஒன்று புறக்கோட்டை மாடிக்கு வருகிறது. மற்றது வெள்ளவத்தையில், காலி வீதியை அடுத்துள்ள அவர்களுடைய கிளைக்கு வருகிறது. இரு இடத்திலும் ஒவ்வொரு ரவுட்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு சொந்தத் தொடுப்பு. புறக்கோட்டைக் கம்பி அறுந்தால் வெள்ளவத்தை வழியாகப் போகலாம், வெள்ளவத்தை அறுந்தால் புறக்கோட்டை வழியாகப் போகலாம் என்பது ஏற்பாடு.

முதியோர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். இணையம் என்பது ஒரே கொம்பனியின் சொத்தன்று. உலகிலே எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட தனித்தனி வலையமைப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஏ.எஸ். இலக்கம் என்று ஓர் இலக்கம் உண்டு. எங்கள் பகுதி நாடுகளுக்கு இவ்விலக்கங்களையும் முகவரிகளையும் பங்கிட்டுக் கொடுப்பது அவுஸ்திரேலியாவில் பிறிஸ்பேன் நகரிலுள்ள ஏப்னிக் என்னும் நிலையம். இவ்வலையமைப்புகள் எல்லாவற்றுக்கும் மேலே நின்று வழி சொல்லும் அரசன் ஒருவனும் இல்லை. முழு உலகுக்குமான ஒரு படமும் இல்லை. அடுத்த வீட்டாருக்கு அடுத்த வீட்டார் சொல்லும் வாய்ச்சொல்லே படம். "இன்ன முகவரிகளுக்குப் போக வேண்டுமா? என்னிடம் தாருங்கள், நான் சேர்ப்பிப்பேன்" என்று ஒரு ரவுட்டர் தன் அயல் ரவுட்டருக்குச் சொல்லும். கேட்டது நம்பும், நம்பியதைத் தன் அயலாருக்குச் சொல்லும். இந்தப் பேச்சுக்குரிய மொழிதான் பி.ஜி.பி. 1989 ஜனவரியில் அமெரிக்காவில் ஓஸ்டின் நகரில் நடந்த ஒரு மகாநாட்டின்போது, கேர்க் லொஹீட், யாகோவ் ரெக்ரர் என்னும் இரு பொறியியலாளர் சாப்பாட்டு வேளையிலே கைதுடைக்கும் கடதாசிகளில் இதன் முதல் வரைவை எழுதினர் என்பது பிரசித்தம். தற்காலிக ஒட்டு வேலை என்று எண்ணிச் செய்தது. அதன் நான்காம் பதிப்பிலேதான் இன்றும் உலகம் ஓடுகிறது.

நிற்க. வெங்காயத்துக்கு வருவோம்.

2023 டிசம்பர் 8ஆந் திகதி இந்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. அடுத்து வந்த வாரங்களில் கொழும்பிலே வெங்காயம் விற்ற விலையை இங்குள்ள தாய்மார் மறந்திருக்கமாட்டார்கள். எமது முதலாளியின் வாடிக்கையாளர் ஒருவர் அரும்பாடுபட்டு வேறு நாட்டிலிருந்து ஒரு கொள்கலன் வெங்காயம் வரவழைத்திருந்தார். 2024 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. கொள்கலன் துறைமுகத்தில் நிற்கிறது. சுங்கப் பிரகடனம், அதாவது எங்கள் கிளாக்கர்மார் 'கஸ்டெக்' என்னும் பத்திரம், அன்று போக வேண்டும். போகாவிட்டால் சனி, ஞாயிறு, திங்கள் தைப்பொங்கல் என்று மூன்று நாள் கழியும். பத்திரத்துக்கு வேண்டிய விலைச்சிட்டைகளோ மாடியறைச் சேர்வரில். முகவர் இருப்பது வேறிடத்தில்.

அன்று நண்பகலளவில் தெருவை வெட்டிய யாரோ புறக்கோட்டைக் கம்பியையும் சேர்த்து வெட்டிவிட்டனர்.

அங்கே ரவுட்டர்களைப் பார்த்து வந்த பொடியன் எமது சங்கத்தின் அங்கத்தவன். அவன் பதறவில்லை. இரண்டாம் பாதை இருக்கிறதே! ஐந்து நிமிடம் பார்த்தான். பத்து நிமிடம் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. புறக்கோட்டையும் இருட்டு. வெள்ளவத்தைக் கிளையிலே கம்பி நன்றாயிருந்தும் அங்கும் இருட்டு! ரவுட்டரைக் கேட்டால் அது, "வெள்ளவத்தை அயலான் நலம், பேச்சு நடக்கிறது" என்கிறது. கடைசியில், மூன்றரை மணிக்குப் பத்திரங்களை ஒரு பென்டிரைவில் ஏற்றி முச்சக்கர வண்டியில் அனுப்பினார்கள். அன்றைய தினம் ஒழுங்காக வேலை செய்த ஒரே பாதை அந்த முச்சக்கர வண்டிதான். ஆயினும் அது தெரு நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது வரிப்பணம் கட்டும் வேளை முடிந்துவிட்டது.

"ரெண்டு லைனுக்கு மாசாமாசம் காசு கட்டுறன். ஒண்டு அறுந்தா மற்றது வேலை செய்யும் எண்டு நீதானே சொன்னனி?" என்றார் முதலாளி.

"வேலை செய்யுது முதலாளி. 'எஸ்டாப்ளிஷ்ட்' எண்டுதான் காட்டுது."

"அப்ப நீ அதோடையே இரு. செவ்வாய்க்கிழமை இஞ்ச வராதை."

அன்று மாலை ஆறு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் எமது வாசலில் வந்து நின்றான். "அண்ணை, வேலை போனாப் பரவாயில்லை; என்ன பிழை எண்டு தெரியாமப் போறதுதான் ஏலாமக் கிடக்கு" என்றான். இவ்வார்த்தைக்காகவே நாம் அவனுடன் புறப்பட்டோம். முதலாளியும் கடையைப் பூட்டாமலே இருந்தார். எம்மைக் கண்டு ஒன்றும் பேசவில்லை. மாடிக்குப் போகும் விளக்கைப் போட்டுவிட்டார்.

தொழில் பழகும் வாலிபர்கள் இனிச் சொல்வதைக் கவனிக்க. இரு ரவுட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளவில்லையாயின் முதற் கேள்வி, அவை பேசுகின்றனவா என்பது. பி.ஜி.பி. பேச்சு டி.சி.பி. 179ஆம் வாயில் வழியாக நடக்கும். நடுவே தடுப்புச்சுவர் அதை மறித்தாலும், ஏ.எஸ். இலக்கத்தை ஒரு பக்கத்தார் பிழையாக எழுதினாலும், கடவுச்சொல் ஒரெழுத்து மாறினாலும் பேச்சுத் தொடங்காது. அப்போது சுருக்க அட்டவணையிலே 'ஐடில்' என்றோ 'அக்டிவ்' என்றோ நிற்கும். 'அக்டிவ்' என்பதைக் கண்டு சுறுசுறுப்பாக வேலை நடக்கிறது என்று மகிழ்ந்தோர் பலர். உண்மையில் "தட்டிக்கொண்டே இருக்கிறேன், கதவு திறக்கவில்லை" என்பதே அதன் பொருள். பேச்சுக் கூடிவிட்டால் அந்த இடத்தில் சொல் மறைந்து, அயலான் சொன்ன வழிகளின் தொகை எண்ணாக நிற்கும். எங்கள் பொடியனுக்கு எண் நின்றது. ஆகவே பேச்சிற் குறையில்லை. அங்கேதான் அவன் நின்றுவிட்டான்.

பேச்சுக் கூடியது என்பது வேறு; வழி கிடைத்தது என்பது வேறு. சொன்ன வழியை இவர் பெற்றாரா, பெற்றதை ஏற்றாரா, ஏற்றதன்மேல் நடக்க இயலுமா என்று மூன்று கேள்விகள் அதற்குப் பின் இருக்கின்றன.

வெள்ளவத்தை சொன்ன வழிகளில் ஒன்றை விரித்துப் பார்த்தோம். வழி இருக்கிறது. ஆனால், சிறந்த வழி என்பதற்கு இடவேண்டிய அம்புக்குறி இல்லை. பக்கத்திலே 'இன்அக்செசிபிள்', அணுக முடியாதது, என்று எழுதியிருக்கிறது. காரணம் இதுதான். ஒவ்வொரு வழியோடும் 'நெக்ஸ்ட் ஹொப்' என்று ஒரு முகவரி வரும்; நாம் அதனை 'அடுத்த கை' என்போம். பொதியை யார் கையிற் கொடுப்பது என்பதே அது. ஒரே ஸ்தாபனத்தின் இரு ரவுட்டர்கள் தமக்குள்ளே பேசும்போது, வெளியார் சொன்ன வழியின் அடுத்த கையை மாற்றாமல் அப்படியே சொல்வது பி.ஜி.பி.யின் வழக்கம். வெள்ளவத்தை ரவுட்டர் புறக்கோட்டைக்குச் சொன்னது யாதெனில், "உலகத்துக்கெல்லாம் போகலாம், இரண்டாம் கொம்பனியின் வாசலிலுள்ள இன்ன முகவரியிற் கொடு." அந்த வாசல் வெள்ளவத்தைக்கு அப்பால் இருக்கிறது. புறக்கோட்டை ரவுட்டர் அதைக் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை.

நாட்டாமை ஒருவரிடம் மூட்டையைக் கொடுத்து, "வெள்ளவத்தைக்கு அப்பால் இன்னார் இருக்கிறார், அவரிடம் கொடு" என்றால் அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். "வெள்ளவத்தைக் கடையிற் கொடு, மிச்சத்தை அவர்கள் பார்ப்பார்கள்" என்றால் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். ரவுட்டரும் அப்படியே. வெள்ளவத்தை ரவுட்டரில், புறக்கோட்டைக்குச் சொல்லும் வழிகளிலெல்லாம் "அடுத்த கை நானே" என்று சொல்லுமாறு 'நெக்ஸ்ட் ஹொப் செல்ப்' என்ற ஒரு வரியைச் சேர்த்தோம். அம்புக்குறி வந்தது. பொடியனின் முகத்திலும் வெளிச்சம் வந்தது.

வெளிச்சம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பொதிகள் வெள்ளவத்தை போய், இரண்டாம் கொம்பனி வழியாக வெளியே போகின்றன. பதில் ஒன்றும் திரும்பவில்லை.

இங்கேதான் நாமும் சற்றுத் தடுமாறினோம். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றென்று மனிதர் எண்ணுவர். இணையத்திலே அப்படி ஒரு நியதி இல்லை. நாம் அனுப்புவது அயலார் எமக்குச் சொன்னதைப் பொறுத்தது. எமக்கு வருவதோ, எம்மைப்பற்றி அயலார் உலகத்துக்குச் சொன்னதைப் பொறுத்தது. எங்கள் முகவரித் தொகுதியை இரண்டாம் கொம்பனிக்கு அறிவிக்கிறோமா என்று வெள்ளவத்தை ரவுட்டரைக் கேட்டோம். "அறிவிக்கிறேன்" என்று பட்டியலையே காட்டியது. அனுப்பியவரின் பட்டியல் சாட்சியாகாது. கடிதம் பெட்டியிற் போட்டேன் என்பவன் சொல் அது. ஆகவே வெளியே நின்று பார்த்தோம். அமெரிக்காவில் ஒறிகன் பல்கலைக்கழகத்தார் 'ரவுட்வியூஸ்' என்று ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றனர். உலகின் பல மூலைகளிலிருந்து எவ்வழிகள் தென்படுகின்றன என்பதை எவரும் அங்கே பார்க்கலாம். கைத்தொலைபேசியின் இணைப்பாற் பார்த்தோம். எங்கள் தொகுதி உலகத்தில் எங்கும் இல்லை.

இரண்டாம் கொம்பனியின் இரவு வேலைப் பொறியியலாளரை அழைத்தோம். அவர் மரியாதையாகவே சொன்னார்: "நீங்கள் அனுப்புவது வருகிறது ஐயா. எங்கள் அனுமதிப் பட்டியலில் உங்கள் முகவரி இல்லை, ஆகவே தள்ளிவிடுகிறோம். அதிகாரக் கடிதம் இன்னும் வரவில்லையே?"

அப்போதுதான் முழுக் கதையும் விளங்கிற்று. வெள்ளவத்தைக் கிளையார் இவ்வளவு காலமும் இரண்டாம் கொம்பனி வழியாக வெளியே போய், முதலாம் கொம்பனி வழியாகப் புறக்கோட்டைக்குத் திரும்பி, சொந்தத் தொடுப்பால் வெள்ளவத்தைக்கு வந்துகொண்டிருந்தனர். எல்லாம் நடந்தபடியால் எவரும் கேட்கவில்லை. முதலாம் கம்பி அறுந்ததும் இருவருக்கும் திரும்பும் வழி அற்றுப்போயிற்று.

கடிதம் என்ற சொல்லைக் கேட்டு முதலாளிக்குக் கோபம் வந்தது. "காசு கட்டுறம். பிறகென்ன கடிதம்?" என்றார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறோம்.

2008 பெப்ரவரியில் பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தன் நாட்டிலே தடுக்கும்படி கட்டளையிட்டது. பாகிஸ்தான் டெலிகொம் அதற்கொரு சூழ்ச்சி செய்தது. யூடியூபின் முகவரிகளில் ஒரு பகுதிக்குத் தானே வழி என்று தன் ரவுட்டர்களில் அறிவித்தது. அங்கே வரும் பொதிகளை வீசிவிடுவது நோக்கம். அவ்வறிவிப்பு நாட்டுக்குள் நில்லாமல் ஹொங்கொங்கைச் சேர்ந்த பி.சி.சி.டபிள்யூ. என்னும் மேற்கொம்பனிக்குக் கசிந்தது. அவர்கள் வடிகட்டவில்லை, கேட்டதை உலகுக்குச் சொன்னார்கள். யூடியூப் அறிவித்திருந்தது 1024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதி; பாகிஸ்தான் அறிவித்தது அதற்குள் 256 முகவரிகள் கொண்ட சிறிய தொகுதி. பி.ஜி.பி. உலகில் குறுகிய முகவரியைச் சொல்பவனுக்கே முதலிடம். 'புறக்கோட்டை' என்பவனைவிட 'நான்காம் குறுக்குத் தெரு' என்பவனையல்லவா தபாற்காரர் நம்புவார்? ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகத்தார் பலருக்கு யூடியூப் இல்லாமற் போயிற்று. அயலான் சொன்னதை ஆராயாமல் நம்பியதே இதற்குக் காரணம். ஆகவேதான் பொறுப்புள்ள கொம்பனி, "இந்த முகவரி உம்முடையதுதானா? எழுத்திலே தாரும்" என்கிறது. இரண்டாம் கொம்பனி எங்கள் அறிவிப்பைத் தள்ளியது குற்றமன்று. எங்களைப் போல வேறெவனும் எங்கள் முகவரியைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் அவர்கள் தள்ளியிருப்பார்கள்.

முதலாளி சற்று நேரம் பேசாமலிருந்தார். பின்னர்க் கீழே போய், மேசை லாச்சியிலிருந்து ஒரு கோவையுடன் வந்தார். கடிதம் அதற்குள்ளே இருந்தது. பொடியன் 2022 ஜூனில் தட்டெழுதி, கையொப்பத்துக்கென்று வைத்தது. மூலையிலே பென்சிலால் "பிறகு" என்று முதலாளியின் கையெழுத்து. நாடே பெற்றோல் வரிசையில் நின்ற காலம் அது. எவர் எதை மறந்தார் என்று கணக்குப் பார்க்க இயலாத காலம். அவரை நாம் குறை கூறவில்லை. அவ்வாண்டு சரஸ்வதி பூசையன்று அந்த இரண்டு ரவுட்டர்களுக்கும் சந்தனப் பொட்டிட்டு, திரையிலே 'எஸ்டாப்ளிஷ்ட்' என்ற சொல்லைக் கண்டு கைதட்டியோரில் நாமும் இருந்தோம். ஒரு கம்பியைக் கழற்றிப் பார்ப்போம் என்று அன்று எவரும் சொல்லவில்லை. பூசை நாளிற் கழற்றுவதா என்று எண்ணினோம் போலும்.

இரவு ஒன்பது மணிக்கு முதலாளி கையொப்பமிட்டார். கைத்தொலைபேசியிற் படம் பிடித்து அனுப்பினோம். அந்தப் பொறியியலாளர் பட்டியலிற் சேர்த்தார். சிறிது நேரத்தில் ஒறிகன் கண்ணாடியிலே எங்கள் தொகுதி, வெள்ளவத்தை வழியாக, தோன்றிற்று. மாடியறையில் பதில் வரத் தொடங்கிய கணத்தில் பொடியன் திரும்பி முதலாளியைப் பார்த்தான். முதலாளி சுவரைப் பார்த்தார். "தம்பி, சாப்பிட்டனியே?" என்று மட்டும் கேட்டார். செவ்வாய்க்கிழமையைப்பற்றி இருவரும் பேசவில்லை; செவ்வாய்க்கிழமை அவன் போனான். மறுநாட் சனிக்கிழமை அவனே ஏப்னிக்கின் தளத்திற் புகுந்து, இம்முகவரிக்கு உரியது இந்த ஏ.எஸ். இலக்கமே என்று மின்னொப்பமிட்ட ஆர்.ஓ.ஏ. பதிவையும் செய்து முடித்தான். கடதாசிக் கடிதம் ஒரு கொம்பனிக்குத்தான். இப்பதிவை உலகிலே எந்தக் கொம்பனியும் தன் ரவுட்டராற் சரிபார்க்கலாம்.

வெங்காயம் செவ்வாய்க்கிழமைதான் வெளியே வந்தது. சில மூட்டைகள் முளைவிட்டிருந்தன. துறைமுகத் தாமதக் கட்டணத்தை யார் கட்டினார் என்பதை நாம் விசாரிக்கவில்லை.

ஜனவரி 25ஆந் திகதி தைப்பூசமும் துருத்துப் பூரணையும் ஒரே நாளில் வந்தன. கடைகள் பூட்டு, தெருவிலே நாய்கள் தவிர வேறு ஒருவரும் இல்லை. கோவிலுக்குப் போய்விட்டு மாடியறையிற் கூடினோம். முதலாளி கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பொடியன் முதலாம் கொம்பனியின் கண்ணாடி இழையை அதன் சிறு பெட்டியிலிருந்து இழுத்தான். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. மூன்றாம் நிமிடம் கழிந்தபின் வெள்ளவத்தை வழி திறந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார்.

அந்தச் சிறு பெட்டி நடுவே இருப்பதால் இழை அறுந்தது ரவுட்டருக்குத் தெரியாது. அதன் பக்கத்துக் கம்பியில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அயலானிடமிருந்து 180 விநாடி ஒரு சொல்லும் வராவிட்டாற்றான் "அவன் இல்லை" என்று முடிவு செய்யும்படி இந்த ரவுட்டரில் அமைந்திருக்கிறது. இதைப் பொடியன் விளங்கப்படுத்தினான். "மூண்டு நிமிசத்திலை நாலாங் குறுக்குத் தெருவிலை வெங்காய விலை மாறிப்போம்" என்றார் முதலாளி. அதைக் குறைக்கலாம், அயலார் இருவரும் வேறு வேறு கணக்குச் சொன்னாற் குறைந்த கணக்கே நிற்கும் என்று பொடியன் சொன்னான். எங்கள் பக்கத்தில் 30 விநாடி என்று மாற்றி, பேச்சைப் புதிதாகத் தொடங்கச் செய்து, மறுபடி இழுத்தான். அரை நிமிடத்தில் வழி மாறியது. இழையை மாட்டியதும் பழைய வழி திரும்பியது. வெள்ளவத்தைக் கிளையில் நின்றவரைத் தொலைபேசியில் அழைத்து, அங்குள்ள இழையையும் கழற்றி மாட்டச் செய்தோம். அதுவும் சரி.

"இன்னொருக்காக் கழட்டு" என்றார் முதலாளி.

கழற்றினான். கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் ஒருக்கா."

நான்காம் முறையும் கேட்டபோது, "போதும் முதலாளி, இழை உடைஞ்சு போம்" என்றான் பொடியன்.